தாடை

தோல்மின் கடைத்தெருவில் அடைமழை.
பல் மருத்துவரின் உதவியாள் ஸ்தாங்கா,
தூண்டிலுக்குப் பொய் ஈ கட்டும் பிடிகருவிகளை
ஒவ்வொன்றாய் வாய் திறந்து பார்க்கிறாள்.

சுழலும் தலை, பித்தளை அடி, மூன்று மாதத் தவணை,
அடுக்கிக்கொண்டே போகிறார் ப்ரிமோஜ்.

"ஒரு முள் கொடுங்க."
பதினாறாம் எண். குருணை அளவு.
கவ்வ வைத்துக் கட்டைவிரலால் நெம்பினாள்.
விலை கூடியது வழுக்கியது.
மூலையில் சாயம் போய்க் கிடந்தது
உடும்பாய்ப் பிடித்தது.

"கத்தரி? ஊசி? இடுக்கி?"
"கிளினிக்கில் கழித்துப் போட்டது
டப்பா நிறைய இருக்கு."
நூல்சுற்றி மட்டும் வாங்கினாள்.

இரவு முதல் ஈ:
இறகு கோணல்,
கழுத்தெல்லாம் முடிச்சு.
சோச்சா ஆற்று மீன் சிரிக்கும்.

கழற்றும்போது
"கொஞ்சம் வாயைத் திறங்க" என்கிறாள்
பிடிகருவியிடம்.