கேடயத்தைக் கடிப்பவன்

புளித்தண்ணியில் போட்டுவிடாதே, அது எலும்பு
என்றார் வயிரவன்.
கட்டைவிரல் உயரம். கூம்புக் குல்லா.
இரண்டு கையாலும் பிடித்த கேடயத்தின் மேல்விளிம்பை
நாலு முன்பல்லால் கடித்தபடி நிற்கிறான்.
கோட்டையூர் வீடொன்றின் மரப்பெட்டியில்
சுவீடன் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு நடுவே
வைக்கோலோடு வந்தவன்.
சதுரங்கக் காயாம்.
மீதி முப்பத்தோரு பேரைக் காணோம்.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
கடைக்குள் யார் கால் வைத்தாலும் கதை தொடங்கிவிடும்.
உல்ஃப்கிரிம் என்பது பெயர்,
வயிரவன் வாயில் அது உலகிரி.
பனிநாட்டு ராஜாவின் பந்தியில் முதல் இலை அவனுக்கு.
கரடித்தோல் சட்டை.
சண்டைக்கு முன்னால் உடம்பு உதறும்,
முகம் கறுத்து வீங்கும்,
கேடயத்தைக் கடிப்பான், கவசத்தைக் கழற்றி எறிவான்.
அப்புறம் தீ சுடாது, இரும்பு வெட்டாது.
எதிரி, கூட்டாளி, வழியில் நின்ற மரம், எல்லாம் ஒன்று.
முடிந்தபின் மூன்று நாள்
பிழிந்துபோட்ட துணியாகக் கிடப்பான்.
இந்த இடத்தில் விலை வரும்:
எட்டாயிரம்.

எப்படிச் செத்தான்?
திருச்சியிலிருந்து வந்த அம்மா ஒருத்திதான் கேட்டார்.
இரும்புதான் வெட்டாதே,
தூங்கும்போது கட்டையால் அடித்தார்கள்.
எந்த ராஜாவுக்காகக் கடித்தானோ
அந்த ராஜா போட்ட புதுச் சட்டப்படி.

குத்துவிளக்கின் கழுத்தில் பச்சை போகவில்லை.
தேய்த்துக்கொண்டே இருந்தேன்.
லத்தியும் கட்டைதான்.

என் வீட்டுக்காரர் பெயர் சேவுகன்.
சொல்லக்கூடாது என்பார்கள்.
ஸ்டேஷனில் மூன்று தடவை சொல்லி எழுத வைத்தேன்,
இனி என்ன.
செக்காலை ரோட்டு பைனான்ஸில் வேலை.
தவணை தப்பியவர் வாசலில் போய் நிற்க
நாளுக்கு முந்நூறு, பரோட்டா தனி.
நின்றால் போதும் என்றுதான் சொன்னார்கள்.
வண்டியில் போகும்போதே
துண்டின் முனையைச் சுருட்டிக் கடித்துக்கொள்வார்.
துவைக்கிற எனக்குத் தெரியும்,
எந்தத் துண்டுக்கும் நாலு முனை இருந்ததில்லை.

தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு வெள்ளிக்கிழமை
நிற்பது நின்றுபோனது.
தண்ணீர்த் தொட்டி, ஆட்டோ கண்ணாடி, தையல் மிஷின்,
கூடப்போன ராசப்பனின் தோள்பட்டை எலும்பு.
யாரோ முதுகில் அரிவாள்மனையை இழுத்திருக்கிறார்கள்,
இவருக்குத் தெரியவில்லை.
பதினோரு தையல். எண்ணியது நான்.
மூன்றாம் நாள் தூக்கத்தில்தான் வந்து தூக்கினார்கள்.
அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை
என்றது பைனான்ஸ்.

இப்போது சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறார்.
நேற்று மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்தவர்
பொம்மையைக் கையில் எடுத்தார்.
வயிரவன் கதையை ஆரம்பிக்கவில்லை.
வெகுநேரம் பார்த்தார்,
கண்ணுக்குப் பக்கத்தில், தூரத்தில், மறுபடி பக்கத்தில்.

"பயந்திருக்கான்" என்றார்.
யாரு, உலகிரியா? வயிரவன் சிரித்தார்.
"பல்லு தந்தியடிக்குறது
பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேட்டுறக்கூடாதுல்ல."

அரைஞாண் கயிற்றில் இன்றைக்கும் கிடக்கிறது
அஞ்சு வயதில் கட்டிய தாயத்து.
ராத்திரியில் தூக்கிப்போடுகிறது என்று
கரடிக்காரனிடம் வாங்கியது.
தோலுக்கு வசதியில்லாத வீட்டில்
ஒரு முடி.

திரும்ப வைக்கும்போது நிற்க வைக்கவில்லை.
வைக்கோலைக் கொஞ்சம் கூட்டி
மல்லாக்கப் படுக்க வைத்தார்.
ரசம் ஆறுது, சாப்பிடு என்றார் என்னிடம்.

சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.
வயிரவன் அவனை
எழுப்பி நிறுத்தினார்.