அளவுக்கு ஒரு ஆள்

செவ்வாய்ப்பேட்டையில் ஃப்ரேம் போட்டு
ஏற்காட்டுக்கு ஏற்ற வேண்டியது ஒன்பது படம்.
எல்லாம் நீராவி இயந்திரங்கள்,
எந்தக் காலத்துச் செப்புத்தகட்டிலோ பிறந்து
போன வாரம் இங்க்ஜெட்டில் இறங்கியவை.

ஐந்தாவதில் மட்டும்
சக்கரத்தடியில் ஓர் ஆள்.
சக்கரம் எவ்வளவு பெரிசு என்று காட்ட
நிறுத்தி வைத்திருக்கிறான் செதுக்கியவன்.
ஒவ்வொரு மரையாணிக்கும் நிழல் போட்டவன்
இவன் முகத்துக்குக் கொடுத்தது
மூன்று கோடு.

"ஆள் வேணாம் தனபாலு,
மெஷின் மட்டும் தெரியட்டும்"
ரிசார்ட் மேனேஜர் போனில்.

ஃப்ரேமின் அளவு மாறாது.
யாராவது போக வேண்டும்.
அட்டைமேல் கத்தியை வைத்தேன்.
வைத்தபடியே டீ குடித்தேன்.
பிறகு மேல்பக்கம் ஏற்றி மறைத்தேன்;
புகைபோக்கியின் நுனி போனது.

இருபது கொண்டை ஊசி வளைவு,
கண்ணாடிகளுக்கு நடுவே பழைய போர்வை.

சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டும்போது
எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
காப்பிப் பழம் உரிக்கும் மெஷினுக்கு
பெல்ட் மாற்ற வந்த லூர்துசாமி மட்டும்
கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
கிட்டே போய் நின்றார்.
"கவர்னர் சரியாத்தான் போட்டிருக்கான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"இவன் எந்த ஷிஃப்ட்டு?"

ஆறாவது படத்துக்கு
ஆணி தேடிக்கொண்டிருந்தேன்.