முதல் ரெண்டு நாள்

கொரடாச்சேரிக் கடைத்தெருவில்
உர மூட்டைக்கும் மருந்துப் புட்டிக்கும் நடுவே
பகலெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்:
"முதல் ரெண்டு நாள் வெறும் பொரி வைங்க.
தேங்காண்ணெ ரெண்டு சொட்டு.
நம்பி வந்து தின்னு பழகட்டும்.
மூணாம் நாள் மருந்து கலங்க."

சம்பா பொதி கட்டியிருக்கிற நேரம்.
வரப்பெல்லாம் வளை.
எலிக்கு எது ருசி, எந்த வாடை ஆகாது என்று
வெட்டாற்றுக்கு இந்தப் பக்கம்
என்னைவிடத் தெரிந்தவர் குறைவு.

ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால்
பிரிட்ஜ் பக்கத்துக் கண்ணாடித் தொட்டியில்
கட்டைவிரல் நீளத்தில் ஒருத்தி
அப்போதுதான் கண் விழிக்கிறாள்.
இலக்கியா திருச்சியில் வாங்கி
விடுதி அலமாரியில் ஒளித்துவைத்து
வார்டன் பார்த்துவிட்டதும்
செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு
பாசஞ்சரில் கொண்டுவந்து விட்டுப்போனது.
குட்டை ரக ஹாம்ஸ்டர். பெயர் சீரகம்.

எலி இல்லை என்கிறாள் மகள்.
சரி என்றேன்.

வாட்ஸ்அப்பில் குரலாய் வருகின்றன சட்டங்கள்.
"இனிப்பே கூடாதுப்பா. இந்த ரகத்துக்கு
உனக்கு மாதிரியே சுகர் வரும்."
பூவன் பழம் இல்லை, திராட்சை இல்லை,
ஹாம்ஸ்டர் படம் போட்டு விற்கிற
தேன் தடவிய குச்சியும் இல்லை.
வெங்காயம், பூண்டு, சாக்லேட் வாசலோடு சரி.
கொல்லை நார்த்தங்காயைப் பற்றிப் பேச்சே எடுக்காதே.
வெள்ளரி தரலாம், சுண்டுவிரல் நகமளவு.
அவித்த முட்டையில் வெள்ளை, ஒரு கிள்ளு.
தினைக்கதிரில் ஒரு கணு.
பரங்கி விதை உப்பில்லாமல், வாரம் ஒன்று.

சந்தையில் வெள்ளரிக் கூடை முன் நின்றேன்.
இதற்கு என்ன அடித்தார்கள்,
எத்தனை நாளுக்கு முன்னால் அடித்தார்கள்,
எல்லாம் தெரியும்.
பில் புத்தகம் என்னிடம்தானே இருக்கிறது.
வெறுங்கையோடு திரும்பி
காலி விதை டப்பாவில் மண் நிரப்பி
கொத்தமல்லி தூவினேன்.
பன்னிரண்டு நாள் கழித்து முதல் இலை.
மனைவி சிரித்தாள்:
"எனக்கு ஒரு ரசத்துக்குக் கிள்ள விடமாட்டேங்கறீங்க."

இன்னொரு குரல் வந்தது போன வாரம்:
"புதுசா எது குடுத்தாலும் முதல்ல துளி குடு.
ரெண்டு நாள் பாரு.
வயிறு ஒத்துக்கிட்டா மூணாம் நாள் குடு."
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
கொஞ்ச நேரம் விளக்கைப் போடவில்லை.

வியாழக்கிழமை மாசிலாமணி வந்தார்.
"பதினேழு விழுந்துச்சு அண்ணே" என்று
தன் வரப்பில் காய்த்த பரங்கி ஒன்றை
கல்லாவின் மேல் வைத்தார். காசு வாங்கவில்லை.
"இதுக்கு என்ன அடிச்சீங்க?"
"இதுக்குப் போயி யாரு அடிப்பா? தானா படர்ந்தது."
அவர் போனதும் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
உண்மைதான்.
ஆனாலும் அந்த வரப்பு, அந்த வளை,
நான் பொட்டலம் கட்டிக் கொடுத்த அந்தப் பொரி.
குழம்புக்குக் காய் போனது.
விதைகளை ஏழு தண்ணீரில் அலசி
மாடியில் காயப் போட்டேன்.
முதலில் ஒன்றை உடைத்து நானே தின்றேன்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம்,
அரப்புத்தூள் போட்டு ஒரு தரம் கழுவியும்
சீரகம் விரல் நுனியில் மூக்கை வைத்து
நெடுநேரம் படித்தாள்.
எந்த வாடை மிச்சமிருக்கிறதோ.
மீசை நடுங்கியது. பின்வாங்கினாள்.
மறுபடி வந்தாள்.
பாதி விதையை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
மரத்தூளுக்குள் போய்விட்டாள்.
தின்றாளா என்று தெரியாது.

காலையில் மரத்தூளைக் கிளறினேன்.
மூலையில் வாடிய மல்லித்தழை, எடுத்துப் போட்டேன்.
தினை நாலு மணி.
விதையைக் காணவில்லை.
பஞ்சுக் கூட்டுக்குள் வயிறு
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணினேன்,
நூறுவரை.

இன்று முதல் நாள்.
கடை திறக்க நேரமாகிவிட்டது.