மீதி

நேற்றிரவு
நாற்காலி, போர்வை, கடன்
எல்லாம் சரிபாதி.
ஏழு கரண்டிதான் இடித்தது.
கடைசி ஒன்றை
அவனும் எடுக்கவில்லை, அவளும்.

காலையில் புந்தா அரேனாஸின் காற்று
பள்ளித் தகரக் கூரையைப் பிய்க்கப் பார்க்கிறது.
கரும்பலகையில் ஏழு வகுத்தல் இரண்டு.
"மூன்று. மீதி ஒன்று,
ஓரமாய் எழுதிக்கொள்ளுங்கள்" என்று
பதினோரு வருடமாய்ச் சொன்ன வாய்
பாதியில் நின்றது.

கோட்டுப் பையிலிருந்து
கரண்டியை எடுத்து வைத்தாள்
கிரிசெல்டா டீச்சர்.
"இது யாருக்கு?"

உருக்கலாம் என்றான் ஒருவன்.
ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாள் மியாராய்.
வாயே திறக்காத நவுவேல்,
"அதையே கேட்டுப் பார்க்கலாமே."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைத் தேர்வுத்தாள்களில்
மீதி வந்த இடமெல்லாம்
குட்டிக் குட்டியாய்க் கரண்டி.
நவுவேலுடையதற்கு மட்டும்
கால்கள்.