காற்றுத்துளை

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் எனக்குக் கூலி.

நகரத்தில் மூடிய ஒரு விடுதியிலிருந்து
ஐந்து பர்னர், இரண்டு ஓவன்,
மேலே வாயு, கீழே மின்சாரம்,
கரும்பச்சை எனாமல் பூசிக்கொண்டு
வேல்ஸின் மேற்கு முனைக்கு
மீன் வண்டியில் வந்து இறங்கியிருந்தது.
இறக்கியவர்கள் ஹுவும் டெகித்தும்.
கதவுக் கைப்பிடியைப் பிடித்தே இழுத்திருக்கிறார்கள்.
அது ஒரு பக்கமாகத் தொங்கியது.

எலினெட் தனியாள்.
ஐந்து பர்னர் எதற்கென்று நான் கேட்கவில்லை.
"செவ்வாய்தோறும் பாட்டுக்குழு. பதினாறு பேர்.
பாடினால் பசிக்கும்" என்றாள்.
தீப்பெட்டியை எடுத்தாள். "பற்றவைத்துப் பார்க்கலாமா?"
வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நகரத்தில் வாயு குழாயில் வரும்.
இங்கே வெளிச்சுவரோரம் சிவப்புச் சிலிண்டர் இரண்டு.
அந்த ஊர் ஊசித்துளை இந்த வாயுவுக்குப் பெரிது;
அப்படியே கொளுத்தினால்
மஞ்சள் நாக்கை நீட்டிப் பாத்திரத்துக்குக் கரி பூசும்.
ஐந்தையும் கழற்றி, சின்னதாக ஐந்து பூட்டினேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்
ஒவ்வொன்றிலும் ஒரு துளி வானம்.

இணைப்பில் சோப்புநுரை தடவிக் காத்திருந்தேன்.
குமிழி வரவில்லை.
அளவுமானியில் நீர்
நின்ற இடத்தில் நின்றது.
என் தொழிலில்
எதுவும் நடக்காமல் இருப்பதுதான் நற்செய்தி.

பின்புறம் சங்கிலி, சுவரில் கொக்கி.
"எருமைக் கனம் கனக்கிறது,
இதையுமா கட்டிப்போட வேண்டும்?"
"திறந்த ஓவன் கதவில்
ஒரு பிள்ளை ஏறி நின்றால் போதும்,
எருமை முன்னங்காலை மடிக்கும்."

மின்சாரம் என் வேலை அல்ல.
வியாழக்கிழமை ரெஸ் வந்து தனிக்கம்பி இழுப்பான்.
அதுவரை ஓவனைத் தொடாதீர்கள்,
கெட்டில் செருகும் இடத்தில் இதைச் செருகவே செருகாதீர்கள்.
தலையாட்டினாள்.
ஹுவ் ஏற்கெனவே ஒரு பிளக் வாங்கி வைத்திருந்தது
மேசையில் தெரிந்தது.

கடைசியாகக் காற்றுத்துளை.
சுவருக்கு வெளியே சல்லடை இருந்தது.
உள்ளே காற்று இல்லை.
திருகைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டேன்.
மெத்தென்று ஏதோ.
செத்த பறவை என்று நினைத்தேன்.

காலுறை.
சாம்பல் நிறக் கம்பளி,
குதிகாலில் சிவப்பு நூல் ஒட்டு.

"இவோருடையது" என்றாள்.
"ஜோடியை நான்தான் தொலைத்தேன் என்று
ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டான்."
பிறகு, மெதுவாக,
"மேல்காற்று கழுத்தில் படும் என்பான்.
அந்த நாற்காலி அவனுடையது."

போய் எத்தனை வருடம்?
நான்கு.
மனதுக்குள் கூட்டினேன்: பழைய அடுப்பு,
சாத்திய சன்னல், அடைத்த துளை.
"தலை வலிக்குமா?"
"நவம்பரிலிருந்து மார்ச் வரை.
துக்கம் என்று நினைத்திருந்தேன்."
"வெளியே போனால்?"
"கடலோரம் நடந்தால் விட்டுவிடும்.
கடல் ஆற்றுகிறது என்று நினைத்திருந்தேன்."

மணம் இல்லாதது, நிறம் இல்லாதது.
அது எது, துக்கம் எது என்று
எந்த மூக்கு பிரித்துச் சொல்லும்?
மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள் என்றேன்.
அலமாரி மேல் அலாரம் வைத்து,
பொத்தானை அழுத்திக் கத்தவிட்டேன்.
காதைப் பொத்திக்கொண்டு
"சோப்ரானோ" என்றாள்.

தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஐந்தும் நீலம், கொட்டையாக, சத்தமில்லாமல்.
படிவத்தில் எழுதினேன்:
காற்றோட்டம், சரிசெய்யப்பட்டது.
குறிப்புக்கென்று ஒரு வரி இடம் இருந்தது.
விட்டுவிட்டேன்.

அப்போது மேல்காற்று வந்தது,
துளை வழியாக, உப்போடு.
நாட்காட்டியில் ஒரு மாதம் தூக்கி விழுந்தது.
காலுறை கையில் இருக்க
அவள் துளையைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.

நாற்காலியைத் தரதரவென இழுத்து
எதிர்ச்சுவரோரம் போட்டாள்.