ரசீதின் பின்பக்கம்

அச்சு கோணிய ரசீதுகளை எறிய மனம் வராது எனக்கு.
அவற்றின் பின்பக்கம்தான் என் நாள்.

கிருஷ்ணகிரி டோல்கேட், ஆறாம் லேன், ரொக்கம் மட்டும்.
ராயக்கோட்டைத் தக்காளி, ஓசூர் ரோஜா,
எப்போதாவது காற்றாலையின் ஒற்றை இறக்கை:
நெடுஞ்சாலையே ஒதுங்கி நிற்கும் அதற்கு.
இரண்டு லாரிக்கு நடுவே ஒரு வரி எழுதுவேன்.
கேஸ் பதிய வேண்டும்.
இருபதுக்குள் சீட்டுப் பணம்.
மோட்டார் ஓடும்போதே குடம் நிரப்பு.

முதல் வரி மட்டும் மாறாதிருந்தது வெகுநாள்:
காலை ஐந்துக்கு எழு.
நல்ல பழக்கமெல்லாம் விடியலில் தொடங்கும் என்றவர்களுக்கு
மூன்று ஷிஃப்ட் இருந்திருக்காது.
எனக்கு இந்த வாரம் விடியல் மத்தியானம் இரண்டு மணி,
அடுத்த வாரம் இரவு ஒன்பது.
அடித்துவிட்டு எழுதினேன்:
விழித்ததும் எழு.
ஐந்தாம் லேன் முனிரத்னா அதைப் படித்துச் சிரித்தாள்.
அவள் பட்டியல் போடுவதில்லை, எதையும் மறப்பதுமில்லை.
அவள்மேல் எனக்கிருக்கும் ஒரே கோபம் அது.

எழுதிவைத்தாலே பாதி செய்த மாதிரி இருக்கும்,
அந்தப் பாதியில்தான் ஏமாந்துபோகிறேன்.
செய்து முடித்ததைப் பிறகு எழுதி
உடனே அடித்த நாட்களும் உண்டு,
பேனா கோடிழுக்கும் அந்தச் சுகத்துக்காக.
சாவிக்கு ஒரு ஆணி, ஐடி கார்டுக்கு ஒரு ஆணி.
என் வாழ்வில் நடந்த பெரிய சீர்திருத்தம் இதுதான்,
இருட்டிலும் கை தானாகப் போய்ச் சேருகிறது.
மூன்றாவது ஆணி சுவரைப் பெயர்த்துவிட்டது.
வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை.

எட்டாவது வரி: பல் டாக்டர், லண்டன்பேட்டை.
பதினோரு மாதமாக
வாடகை வீடு மாறுவதுபோல
ரசீது விட்டு ரசீது குடிபோகிறது அந்த வரி.

காரிமங்கலம் பக்கம் எங்கள் போர்த் தண்ணீர்
குடித்தவர் பல்லிலெல்லாம்
ஒரே முத்திரை குத்தும், காவிப் பட்டை.
பள்ளிக்கூட குரூப் போட்டோவில்
நாற்பத்தொரு பேரும் பல் தெரியச் சிரித்திருக்கிறோம்.
இருபது கிலோமீட்டர் தாண்டி வந்த பிறகுதான்
அதற்குக் கறை என்று பெயர் வந்தது.

சூப்பர்வைசர் மாதையனின் பட்டியலும் ஒன்று
கேபின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது:
வணக்கம் சொல்லவும். சில்லறையை எண்ணித் தரவும். புன்னகைக்கவும்.
மூன்றாவதற்கு என்னிடம் மாஸ்க் இருக்கிறது.
நோய்க்காலம் முடிந்தும் கழற்றாதவள் நான் ஒருத்திதான்.
புகை என்பேன், தூசி என்பேன்.

போன செவ்வாய் விடுப்பு. பட்டியலே போடவில்லை.
உப்பு வாங்கக் கிளம்பியவள்
என்ன தோன்றியதோ, டவுன் பஸ் ஏறி
லண்டன்பேட்டையில் இறங்கிவிட்டேன்.
டாக்டர் ரெஹானா விளக்கடித்துப் பார்த்தார்.
"ஒரு சொத்தை இல்லைங்க, கல்லு மாதிரி இருக்கு.
நிறம்தான். வேணும்னா மாத்தலாம்,
ஒரு பல்லுக்கு இவ்வளவு ஆகும்."
அந்த இவ்வளவை ரசீதின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன்.
முழுசாய் ஒரு சீட்டு.
திருப்பினால், முன்பக்கத்து அச்சு
வெயிலில் வெளுத்துக் காணாமலே போயிருந்தது.

அடிப்பதா, வைப்பதா அந்த வரியை?
போனேன், ஆனால் ஆகவில்லை.
பாதிவரை கோடிழுத்து நிறுத்திவிட்டேன்.

நேற்று இரவு மூன்று மணி.
பெங்களூருக்கு மாங்காய் ஏற்றிய டெம்போ.
மீதி வாங்கிய பையன் சிரித்தான்,
அதே பட்டை.
"எந்த ஊருப்பா?"
"பாலக்கோடு பக்கம்க்கா. நீங்க?"
அப்போதுதான் டீ குடித்திருந்தேன்,
மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது.
அவன் கேட்டதைப் பார்த்தால்
நானும் சிரித்திருக்க வேண்டும்.

பின்னால் ஹாரன். தடுப்பு ஏறியது.
அடுத்த லாரிக்கு முன் ஒரு ரசீதைத் திருப்பி
முதல் வரி எழுதினேன்.
நாலு நாளாய் முனிரத்னா வீட்டில் கடன் வாங்குகிறேன்:
உப்பு.