பதினைந்து மில்லி ஆம்பியர்

ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த கோடையில்
என் கையில் மட்டும்
தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ரிச்சி தெருவில் செல்போன் சர்வீஸ்.
மைக்ரோஸ்கோப்புக்கு அடியில்
கடுகைவிடச் சின்ன உறுப்புகள்.
நான் தொட்ட போர்டு மூன்றே மாதத்தில்
பச்சை பூத்துத் திரும்பி வரும்.
"உன் கையில கடல் இருக்குப்பா" என்பார் மீரான் பாய்
கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளி.
உள்ளே அரை மணியில்
ஊறவைத்த கொண்டைக்கடலையாய் விரல்கள்.

ரேஷன் கடை மெஷின் என் ரேகையை நம்பாது.
துடைச்சுட்டு வைங்க.
துடைத்துவிட்டுத்தான் வைத்தேன்.
மறுபடி துடைங்க.
பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டுவார்.
அந்த உச்சுக்கு
இன்னும் நாலு சொட்டு.

படிகாரம் தேய்த்தேன்.
டீத்தூள் கொதிக்கவைத்து முக்கினேன்;
கை காயவில்லை, கறை மட்டும் ஏறியது.
பயத்தை விடு, எல்லாம் சரியாகும் என்றார்கள்
கைகுலுக்கிவிட்டு
பேன்ட்டில் துடைத்துக்கொண்டே.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி, தோல் பிரிவு, செவ்வாய்க்கிழமை.
டாக்டர் ஷெரின் என் கையைப் பிடித்தார்,
துடைத்துக்கொள்ளவில்லை.
ஓ.பி. சீட்டின் பின்புறம் முதுகெலும்பு வரைந்து
பக்கத்தில் ஒரு நரம்புச் சங்கிலி வரைந்தார்.
ஷார்ட் சர்க்யூட்டா என்றேன்.
"இல்ல. வால்யூம் ஜாஸ்தி.
பயந்தா வேர்க்கும், வேர்க்குதேன்னு பயப்படுவீங்க,
அதுக்கும் வேர்க்கும்.
வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"
இல்லை என்றேன்.

ராத்திரி தடவ ஒரு மருந்து.
காய்ந்த கையில் தடவவும் என்று எழுதியிருந்தது.
காய்ந்த கைக்கு எங்கே போவது?
மாத்திரை போட்டால்
நாக்கு காய்ந்தது முதலில்.
நரம்பை வெட்டுகிற ஆபரேஷன் உண்டாம்,
ஆனால் குடியிருப்பவன் வீடு மாற்றுவான்,
கையைவிட்டு முதுகுக்குப் போவான்,
ஊரைக் காலி செய்யமாட்டான்.

மிச்சம் இருந்தது தண்ணீர்.
இரண்டு தட்டு, இரண்டு கை,
ஊடே பதினைந்து மில்லி ஆம்பியர், இருபது நிமிடம்.
நானே செய்துகொள்கிறேன் என்றதற்கு
டாக்டர் முறைத்த முறைப்பில்
ஒரு கிளினிக் விற்றுப்போட்ட நல்ல மெஷினையே
பாதி விலைக்கு வாங்கினேன்.
"கொஞ்சம் உப்புத் தண்ணியா இருந்தா நல்லது."
வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு போர்,
பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர்,
முதல்முறையாக ஒரு வேலைக்கு ஆயிற்று.

அதற்கு நடுவில் ஒருநாள் பஸ்ஸில்
கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டு
டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.
கையில் வாங்கிய டிக்கெட்டோடு
இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

அப்பா முப்பத்தொரு வருஷம் கண்டக்டர்.
ஒருநாளும் விரலை நாக்கில் வைத்ததில்லை.
சுத்தக்காரர் என்று
நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.
டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.
"அதுவா. வேலைக்கு வசதியாத்தானே இருந்துச்சு."
கொஞ்ச நேரம் கழித்து:
"உங்கம்மா கைய மட்டும்
சினிமா கொட்டாயில கூடப் புடிச்சதில்ல."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஷினை எடுத்து வைத்தேன்.
எதிரில் வந்து உட்கார்ந்தார்.
வலிக்குமா என்றார்.
மோதிரத்தைக் கழற்றுங்கள் என்றேன்.
இடது தட்டில் அவர் கை, வலது தட்டில் என் கை.
முள் சைபரிலேயே கிடந்தது.
சர்க்யூட் மூடவில்லைப்பா,
மிச்சக் கையைக் கொடுங்கள்.

வேட்டியில் துடைக்கப் போனார்.
வேண்டாம், அப்படியே.

முள் எழுந்தது.
"கூசுதுடா" என்றார்,
கையை எடுக்காமல்.